பழைய டிவி கேம்களைப் பதிவுசெய்து யூடியூபில் போடுவது எப்படி? தென்னாப்பிரிக்கத் தமிழர்களுக்கான கேள்வி பதில்

டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், லெனேசியா பக்கம் இருந்துகொண்டு, அசல் கன்சோலில் அசல் கேசட் போட்டு விளையாடி, தமிழ் வர்ணனையோடு வீடியோ போட நினைப்பவர்களுக்கான பக்கம் இது. எமுலேட்டரில், அதாவது கன்சோலைப் போலவே நடிக்கும் கணினி மென்பொருளில், விளையாடுபவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது. அவர்கள் ஓபிஎஸ் (வீடியோவைப் பதிவுசெய்யும் இலவச மென்பொருள்) பற்றிய கேள்விக்கு நேராகப் போய்விடலாம்.

குறைந்தபட்சம் என்னென்ன வேண்டும்?

கன்சோலுக்கேற்ற ஒழுங்கான கேபிள், 240 வரிச் சிக்னலைச் சரியாகப் புரிந்துகொள்ளும் ஒரு ஸ்கேலர் (பழைய சிக்னலை எச்டிஎம்ஐ படமாக மாற்றும் பெட்டி), ஒரு எச்டிஎம்ஐ கேப்சர் கார்டு (அந்தப் படத்தைக் கணினிக்குள் கொண்டுவரும் கருவி), ஓபிஎஸ் ஓடும் கணினி. பணத்தை இதே வரிசையில் செலவழியுங்கள். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்: விலை கூடிய கேப்சர் கார்டை வாங்கிவிட்டு, அதன் வாயில் மலிவுப் பெட்டியிலிருந்து வரும் கலங்கலான படத்தைக் கொடுக்கிறார்கள். படம் கெடுவது பெரும்பாலும் கணினிக்கு வருவதற்கு முன்பே.

ஈசிகேப் என்று யூஎஸ்பியில் செருகும் மலிவான குச்சி இருக்கிறதே, அது போதாதா?

போதாது. காரணத்தைத் தெரிந்துகொண்டால் மற்ற பல குழப்பங்களும் தீர்ந்துவிடும்.

டிவி ஒளிபரப்பில் ஒரு முழுப்படம் இரண்டு தவணையாக வரும்: முதலில் ஒற்றைப்படை வரிகள், பிறகு இரட்டைப்படை வரிகள். பழைய கன்சோல்கள் அப்படி அனுப்புவதில்லை. ஒவ்வொரு தவணையிலும் அதே வரிகளில்தான் புதிய படத்தை வரைகின்றன. ஒவ்வொரு தவணையும் தனி முழுப்படம். இதைத்தான் 240பி என்கிறோம். ஈசிகேப்புக்கு இந்த வித்தியாசம் தெரியாது. இரண்டு தனிப் படங்களை ஒரே படத்தின் இரு பாதிகள் என்று நினைத்து ஒட்டிவிடும். ஓடும் பாத்திரத்தின் ஓரங்களில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரிவது இதனால்தான்.

அதைச் சரிசெய்யப் போய் வினாடிக்கு 30 அல்லது 25 ஃபிரேமாகக் குறைத்தால் வேறு வம்பு. மெகா மேனில் அடிபட்டதும் பாத்திரம் மினுக்குமே, அது ஒரு ஃபிரேம் தெரிந்து அடுத்த ஃபிரேம் மறைவதால் வரும் தோற்றம். பாதி ஃபிரேம்களைத் தூக்கி எறிந்தால் ஒன்று ஆள் முழுவதும் காணாமல் போவான், இல்லை மினுக்காமல் அப்படியே நிற்பான். நிழலை இதே தந்திரத்தால் அரைகுறையாகக் காட்டும் கேம்களில் நிழலே இருக்காது.

ஏவி கேபிளை எச்டிஎம்ஐ ஆக்கும் சின்னப் பிளாஸ்டிக் பெட்டிகளுக்கும் இதே நோய்தான். கூடுதலாக அவை 4:3 படத்தை 16:9-க்கு இழுத்து எல்லாரையும் குண்டாக்கிவிடும்.

அப்படியானால் எந்த ஸ்கேலர்?

உங்கள் கன்சோலிலிருந்து என்ன சிக்னல் வருகிறது என்பதைப் பொறுத்தது.

மஞ்சள் பிளக், அதாவது காம்போசிட், அல்லது எஸ்-வீடியோ மட்டும்தான் என்றால் ரெட்ரோடிங்க் 2எக்ஸ் மினி போதும். வரிகளை இரட்டிப்பாக்கி எச்டிஎம்ஐயில் தரும், தாமதம் கிட்டத்தட்ட இல்லை. ஸ்கார்ட் என்ற 21 முள் பிளக் வழியாக ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனிக் கம்பியில் வருவது) எடுக்க முடிந்தால் ஓஎஸ்எஸ்சி நல்லது. ஆனால் அதில் காம்போசிட் துளை கிடையாது. அதைக் கவனிக்காமல் வாங்கி ஏமாறாதீர்கள். இரண்டு வகையும் வேண்டும், நேராக 1080 வரியும் வேண்டும் என்றால் ரெட்ரோடிங்க் 5எக்ஸ்.

சால்டரிங் தெரிந்தவர்களுக்கு ஜிபிஎஸ்-கன்ட்ரோல் மலிவு வழி. ஜிபிஎஸ்-8200 என்ற ஆர்கேட் போர்டில் இஎஸ்பி8266 சிப் ஒன்றை இணைத்து இலவச மென்பொருளை ஏற்ற வேண்டும். ஆர்ஜிபி, காம்போனன்ட் (வெளிச்சமும் நிறமும் மூன்று கம்பியில் பிரிந்து வருவது) மட்டும் எடுக்கும்.

இவை பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும். 15% வாட், கூரியர்காரர் வாங்கும் கிளியரன்ஸ் கட்டணம் இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு ஆர்டர் செய்யுங்கள்.

என்னிடம் கோல்டன் சைனா (நின்டெண்டோவின் ஜப்பானியக் கன்சோலான ஃபேமிகாமின் நகல்) இருக்கிறது. ஏரியல் கேபிள் மட்டும்தான் வருகிறது. அதைப் பதிவுசெய்ய முடியுமா?

முடியும். முதலில் பெட்டியின் பக்கவாட்டையும் பின்புறத்தையும் பாருங்கள். ஃபேமிகாம் நகல் கன்சோல்கள் பலவற்றில் மஞ்சள், வெள்ளைத் துளைகள் ஓரமாக இருக்கும். இருந்தால் வேலை முடிந்தது, அதையே பயன்படுத்துங்கள்.

இல்லாவிட்டால் ஒரு பழைய விசிஆர் தேடுங்கள். கேஷ் கன்வர்ட்டர்ஸ், கேஷ் க்ரூசேடர்ஸ் மாதிரிப் பழைய பொருள் கடைகளில் கேட்டுப் பாருங்கள். டேப் ஓடாத விசிஆராக இருந்தாலும் பரவாயில்லை, டியூனர் வேலை செய்தால் போதும். கன்சோலின் ஏரியல் கேபிளை விசிஆரின் ஏரியல் உள்துளையில் செருகி, கேமை ஓடவிட்டு, மேனுவல் டியூனிங்கில் மெதுவாகத் தேடுங்கள். படம் கிடைத்ததும் சேமித்துவிட்டு, விசிஆரின் ஏவி வெளித்துளையிலிருந்து ஸ்கேலருக்குக் கொண்டுபோங்கள்.

படம் வந்து சத்தம் மட்டும் வரவில்லை, வெறும் இரைச்சல் என்றால் கன்சோல் பழுது என்று முடிவுகட்ட வேண்டாம். தென்னாப்பிரிக்காவின் டிவி சிக்னல் பிஏஎல்-ஐ முறை. சத்தம் படத்திலிருந்து 6.0 மெகாஹெர்ட்ஸ் தள்ளி வரும். ஐரோப்பாவின் பெரும்பகுதிக்கும் இந்தியாவுக்கும் செய்யப்பட்டவற்றில் அது 5.5 மெகாஹெர்ட்ஸ். வேறு நாட்டுக்கான கன்சோலோ விசிஆரோ வந்து சேர்ந்தால் இப்படித்தான் ஆகும். அப்போது கன்சோலைத் திறந்து, ஆர்எஃப் பெட்டிக்குள் (சிக்னலை ஏரியல் கேபிளுக்கேற்ப மாற்றும் பகுதி) போவதற்கு முந்தைய ஆடியோ, வீடியோ கம்பிகளிலிருந்து நேரடியாக எடுக்க வேண்டியதுதான்.

நகல் கன்சோல்களில் நெடுக்காக மெல்லிய கோடுகள் தெரிவது சகஜம். போர்டு வடிவமைப்பிலேயே உள்ள குறை அது. கேபிள் மாற்றிப் பயனில்லை.

50 ஹெர்ட்ஸா, 60 ஹெர்ட்ஸா? "ஏன் இவ்வளவு மெதுவாக ஓடுகிறது?" என்று தமிழ்நாட்டிலிருந்து கமென்ட் வருகிறது.

தென்னாப்பிரிக்காவில் நாடு முழுவதற்குமான டிவி ஒளிபரப்பு 1976 ஜனவரி 5 அன்று தொடங்கியது. 625 வரி, 50 ஹெர்ட்ஸ். அதனால் இங்கே விற்ற நின்டெண்டோ என்இஎஸ், சேகா மெகா டிரைவ், பிளேஸ்டேஷன் எல்லாம் 50 ஹெர்ட்ஸ். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் 60. அங்கே எழுதிய கேமை மாற்றாமல் இங்கே ஓட்டினால் சுமார் 17% மெதுவாகும். மேலும் கீழும் கறுப்புப் பட்டையும் விழும். கமென்ட் போட்டவர் சொல்வது சரிதான், ஆனால் உங்கள் பதிவில் தவறில்லை. விவரக் குறிப்பில் "50 ஹெர்ட்ஸ் பதிப்பு" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். எடிட்டிங்கில் வேகத்தைக் கூட்டிச் "சரிசெய்வது" வேண்டாம். சில கேம்களை 50 ஹெர்ட்ஸுக்கென்றே திருத்தி வெளியிட்டார்கள். வேகத்தைக் கூட்டினால் அவை கண்டபடி ஓடும்.

பதிவில் முக்கியமானது இதுதான்: 50 ஹெர்ட்ஸ் கன்சோல் என்றால் ஓபிஎஸ்ஸிலும் 50 ஃபிரேம். 60-இல் வைத்தால் ஐந்து ஃபிரேமுக்கு ஒன்று இரண்டு தடவை வரும்; பக்கவாட்டில் நகரும் காட்சிகள் தட்டித் தட்டிப் போகும். யூடியூப் 50 ஃபிரேமை அப்படியே ஏற்கும்.

எண் சரியாக இருந்தாலும் கொஞ்சம் பிசிறும். அமெரிக்க என்இஎஸ்ஸின் உண்மையான வேகம் 60.0988 ஹெர்ட்ஸ், 60-இல் பதிவுசெய்தால் சுமார் 10 வினாடிக்கு ஒரு ஃபிரேம் விடுபடும். 50 ஹெர்ட்ஸ் மெகா டிரைவ் 49.70, மூன்று வினாடி சொச்சத்துக்கு ஒரு ஃபிரேம் இரட்டிக்கும். இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இயல்பானது.

மெகா டிரைவில் 50/60 மாற்றும் ஸ்விட்ச் வைக்கலாம். போர்டில் அதற்கான ஜம்பர்கள் இருக்கின்றன.

வெளிநாட்டிலிருந்து கன்சோல் வாங்கினேன். அப்படியே பிளக்கில் செருகலாமா?

செருகக் கூடாது. நம் கரண்ட் 230 வோல்ட். ஜப்பானிய அடாப்டர் 100 வோல்ட், அமெரிக்க அடாப்டர் 120 வோல்ட். நம் ஊர் மூன்று உருண்டை முள் பிளக்குக்கு மாற்றும் டிராவல் அடாப்டர் முள்ளின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. உள்ளூரில் 230 வோல்ட்டுக்கான அடாப்டரை வாங்குங்கள். வாங்கும்போது வோல்ட், ஆம்பியர், ஏசியா டிசியா, நடுமுனை நெகட்டிவா பாசிட்டிவா என்ற நான்கையும் பாருங்கள்.

மெகா டிரைவ் முதல் மாடல் 9 வோல்ட் டிசி, நடுமுனை நெகட்டிவ். இரண்டாம் மாடல் 10 வோல்ட் டிசி, நடுமுனை பாசிட்டிவ். முனை மாற்றும் யுனிவர்சல் அடாப்டர் வைத்திருப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். இதைவிட மோசமானது என்இஎஸ் அடாப்டர்: அது 9 வோல்ட் ஏசி. என்இஎஸ்ஸுக்குள் ரெக்டிஃபையர் இருப்பதால் அதற்குப் பிரச்சினையில்லை. அதே பிளக் ஜப்பானிய ஃபேமிகாமிலும் நுழையும். டிசி எதிர்பார்க்கும் அந்தக் கன்சோல் அத்தோடு போய்விடும். அடாப்டர்களுக்கு இன்றே லேபிள் ஒட்டுங்கள்.

லோட் ஷெட்டிங்கில் பதிவு பாதியில் நின்றால் ஃபைல் திறக்கவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

எம்பி4-இல் பதிவுசெய்கிறீர்கள். எந்த ஃபிரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைச் சாதாரண எம்பி4 ஃபைல் கடைசியில்தான் எழுதும். கரண்ட் போனால் அட்டவணை இல்லாத குவியல்தான் மிஞ்சும். ஓபிஎஸ்ஸில் எம்கேவி தேர்ந்தெடுங்கள். நின்ற இடம் வரை பிழைத்துக்கொள்ளும். முடிந்ததும் ஃபைல் மெனுவில் ரீமக்ஸ் செய்தால் தரம் குறையாமல் எம்பி4 ஆகிவிடும்.

லேப்டாப்பில் பதிவுசெய்தால் கன்சோலுக்கும் ஸ்கேலருக்கும் மட்டும் யூபிஎஸ் போதும். இரண்டும் சேர்ந்து குறைந்த வாட்தான் இழுக்கும். ஆனால் மலிவு யூபிஎஸ், இன்வெர்ட்டர்கள் பேட்டரியில் ஓடும்போது சுத்தமான சைன் அலை தருவதில்லை. பழைய கன்சோல்களின் கனமான டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர் அதில் உறுமும், படத்தில் பட்டைகள் ஊரும், ஆடியோவில் "ர்ர்ர்" என்று ஒரு அடிநாதம் கேட்கும். ப்யூர் சைன் என்று போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் யூபிஎஸ்ஸை, சேமித்துவிட்டு அணைக்கும் அவகாசத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் திரும்பி வரும் அந்த நொடிதான் ஆபத்து. சர்ஜ் புரொடக்டர் இருந்தாலும், கரண்ட் போன உடனே கன்சோல் பிளக்கைப் பிடுங்கிவிடுவது நல்ல பழக்கம்.

கரண்ட் நன்றாக இருக்கும்போதும் ஆடியோவில் ரீங்காரம் வருகிறதே?

கிரவுண்ட் லூப், அதாவது கருவிகளின் கிரவுண்ட் கம்பிகள் கேபிள்கள் வழியே வளையமாகச் சேர்ந்துவிடுவது. லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், நின்றால் அதுதான். எல்லாவற்றையும் ஒரே மல்டிபிளக்கில் செருகுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் ஆடியோ கேபிளுக்கு நடுவே கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் ஒன்றைப் போடுங்கள்.

ஆர்ஜிபி ஸ்கார்ட் கேபிள் எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. சூப்பர் நின்டெண்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க, ஜப்பானிய மாடலுக்கான கேபிளில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்று கம்பியிலும் 220 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இருக்க வேண்டும். பிஏஎல் மாடலுக்குக் கெப்பாசிட்டர் கிடையாது. பதிலாக ஒவ்வொன்றிலிருந்தும் கிரவுண்டுக்கு 75 ஓம் ரெசிஸ்டர். மாற்றிப் போட்டால் படம் கண்ணைக் கூசும் அளவு வெளுக்கும் அல்லது இருண்டுவிடும். இன்னொன்று: அமெரிக்க மாடலில் சிங்க் (படம் எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் சிக்னல்) வரும் 3-ஆம் முள்ளில் பிஏஎல் மாடல் 12 வோல்ட் தருகிறது. அந்த முள்ளிலிருந்து சிங்க் எடுக்கும் சி-சிங்க் கேபிளை அதில் போட்டால் ஸ்கேலருக்குள் அந்த 12 வோல்ட் போகும்.

ஜப்பானிய 21 முள் ஆர்ஜிபி கேபிள் பார்க்க ஸ்கார்ட் மாதிரியே இருக்கும். முள் வரிசை வேறு. கலக்காதீர்கள்.

மெகா டிரைவ் முதல் மாடலின் ஏவி துளையில் மோனோ மட்டும்தான். ஸ்டீரியோ வேண்டுமென்றால் முன்பக்க ஹெட்ஃபோன் துளையிலிருந்து எடுக்க வேண்டும்.

மலிவான எச்டிஎம்ஐ கேப்சர் குச்சி ஒத்துவருமா?

ஸ்கேலர் நல்லதாக இருந்தால் தொடக்கத்துக்கு ஒத்துவரும். பெட்டியில் 4கே என்று எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். எம்எஸ்2109 சிப் உள்ளவை யூஎஸ்பி 2.0, 1080 வரியில் 30 ஃபிரேம்தான் தரும். 720 வரிக்கு இறக்கினால் 60 கிடைக்கும். பழைய கேமுக்கு வரிகளைவிட ஃபிரேம்தான் முக்கியம், ஆகவே 720. இந்தச் சிப்பின் பல குச்சிகள் ஸ்டீரியோவை 96 கிலோஹெர்ட்ஸ் மோனோ என்று கணினியிடம் பொய் சொல்லும். இடமும் வலமும் கலந்து கரகரக்கும். அப்படியானால் கன்சோல் ஆடியோவைத் தனியே லைன்-இன் வழியாக எடுங்கள். யூஎஸ்பி 3.0 கார்டுகளில் இந்தத் தொல்லைகள் குறைவு.

ஓபிஎஸ்ஸில் என்ன அமைப்பு?

1. வீடியோ அமைப்பில் கேன்வாஸ், அவுட்புட் இரண்டும் 1920×1440. இது 4:3. ஃபிரேம் 60 அல்லது 50.
2. கேப்சர் கருவியின் அமைப்பைத் தானாக விடாமல் ரெசல்யூஷனையும் ஃபிரேமையும் நீங்களே கொடுங்கள். எம்ஜேபெக் (ஒவ்வொரு படத்தையும் அமுக்கிச் சுருக்கும் வடிவம்) தவிர வேறு வடிவம் அதே ஃபிரேமில் கிடைத்தால் அதையே எடுங்கள்.
3. ஸ்கேலரிலிருந்து வரும் 480 வரிப் படத்தைக் கேன்வாஸ் முழுதுக்கும் இழுங்கள். உயரம் சரியாக 3 மடங்கு. ஸ்கேல் ஃபில்டரிங்கில் "ஏரியா". "பாயிண்ட்" போட்டால் அகலத்தில் சில பிக்ஸல் தடித்தும் சில மெலிந்தும் தெரியும்.
4. 50 ஹெர்ட்ஸ் என்றால் 576 வரி வரும். மேலே 48, கீழே 48 வரிக் கறுப்புப் பட்டையை வெட்டினால் 480 மிஞ்சும். அதே 3 மடங்கு. பட்டையால் நசுங்கியிருந்த பாத்திரங்களும் வரைந்த உருவத்துக்குத் திரும்பும். பட்டை இல்லாமல் வெளிவந்த கேமில் இதைச் செய்யாதீர்கள்.
5. என்கோடர் (வீடியோவைச் சுருக்கும் நிரல்) என்வென்க் அல்லது எக்ஸ்264, தர அளவு 16 முதல் 18. எம்கேவி. ஆடியோ 48 கிலோஹெர்ட்ஸ்.
6. கேம் சத்தம் ஒரு டிராக், மைக் இன்னொரு டிராக். சேர்த்துப் பதிவுசெய்தால் பிறகு பிரிக்க முடியாது.

கறுப்பு சாம்பலாகத் தெரிகிறது.

கலர் ரேஞ்ச் (கறுப்பு முதல் வெள்ளை வரையிலான அளவு) பொருந்தவில்லை. லிமிட்டெட், ஃபுல் இரண்டில் மற்றதை மாற்றிப் பாருங்கள். கண்ணால் ஊகிப்பதைவிட 240பி டெஸ்ட் சூட் என்ற இலவச நிரலைக் கன்சோலில் ஓட்டிச் சரிபார்ப்பது மேல்.

என் பேச்சுக்கும் கேமுக்கும் நேரம் ஒத்துப்போகவில்லை.

குதிக்கும் பொத்தானை மைக் அருகில் பிடித்து டப்பென்று அழுத்துங்கள். பதிவை எடிட்டரில் திறந்தால் மைக் டிராக்கில் பொத்தானின் பிளாஸ்டிக் சத்தம் ஒரு முள்ளாக நிற்கும். கேம் டிராக்கில் குதிக்கும் ஒலி கொஞ்சம் தள்ளி எழும். இடையே எத்தனை ஃபிரேம் என்று எண்ணுங்கள். 60-இல் ஒரு ஃபிரேம் 16.7 மில்லிவினாடி, ஐந்து ஃபிரேம் என்றால் 83. ஓபிஎஸ்ஸின் அட்வான்ஸ்டு ஆடியோவில் மைக்குக்கு அந்த எண்ணைச் சிங்க் ஆஃப்செட்டாகக் கொடுங்கள். கேமின் சொந்தத் தாமதமும் இதில் ஓரிரு ஃபிரேம் சேர்ந்திருக்கும். காதுக்கு அது உறைக்காது.

ஓபிஎஸ் முன்னோட்டத்தைப் பார்த்து விளையாடலாமா?

கூடாது, தாமதம் கொன்றுவிடும். கேப்சர் கார்டின் எச்டிஎம்ஐ பாஸ்த்ரூவில் (படத்தை அப்படியே வெளியே தரும் துளை) டிவியை மாட்டுங்கள், அல்லது பழைய பிக்சர் டியூப் டிவியில் விளையாடுங்கள். டியூப் டிவிக்கும் ஸ்கேலருக்கும் ஒய் கேபிள் போட்டுப் பிரித்தால் இரண்டிலும் படம் மங்கும், ஏனென்றால் ஒரு சிக்னலை இரண்டு 75 ஓம் சுமை இழுக்கிறது. கரண்டில் ஓடும் டிஸ்ட்ரிபியூஷன் ஆம்ப்ளிஃபையர் வேண்டும். வாத்து சுடும் துப்பாக்கி கேம்களைப் பதிவுசெய்ய டியூப் டிவியில்தான் விளையாட வேண்டும். அந்தத் துப்பாக்கி தட்டை டிவியில் வேலை செய்யாது.

கேசட் ஒரு நேரம் ஓடுகிறது, ஒரு நேரம் வெற்றுத் திரை.

டர்பன் கடற்காற்றும் ஈரமும் செம்பு முனைகளைக் கறுக்க வைக்கும். 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் காதுகுடையும் பஞ்சை நனைத்து, பஞ்சு வெள்ளையாக வரும்வரை துடைத்து, காயவிட்டுப் போடுங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் இன்னும் அரிக்கும்.

எடிட்டரில் தமிழ் எழுத்து உடைகிறது.

சில மென்பொருள்களில் கொம்பு தனியாக, எழுத்து தனியாக நிற்கும். நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது நிர்மலா எழுத்துருவைப் போட்டும் சரியாகாவிட்டால், தமிழ் உடையாத வேறு செயலியில் எழுதிப் பின்னணியில்லாத படமாகச் சேமித்து எடிட்டரில் ஒட்டுங்கள்.

காப்புரிமைப் பிரச்சினை வருமா?

நின்டெண்டோ 2018 நவம்பரில் வெளியிட்ட விதிமுறை, உங்கள் வர்ணனையோ படைப்புழைப்போ சேர்ந்த வீடியோக்களை அனுமதிக்கிறது. வெறுமனே கேமை ஓடவிட்ட வீடியோவை அனுமதிப்பதில்லை. மற்ற நிறுவனங்களின் விதியைத் தனித்தனியே பாருங்கள். கேமைவிடப் பின்னணியில் ஓடும் சினிமாப் பாட்டுத்தான் அதிகம் மாட்டிவிடும். பக்கத்து அறை ரேடியோ கூட மைக்கில் விழுந்தால் யூடியூபின் கன்டென்ட் ஐடி என்ற தானியங்கிக் காப்புரிமைச் சோதனை பிடித்துவிடும். அப்படி வரும் கிளெய்மும் ஸ்ட்ரைக்கும் வேறு வேறு: கிளெய்மில் பெரும்பாலும் விளம்பர வருமானம்தான் போகும், 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் வந்தால் சேனலே போகும்.

ஏற்றுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? எப்போது வெளியிடுவது?

1440 வரி, 60 ஃபிரேமுக்கு யூடியூப் சொல்லும் அளவு 24 மெகாபிட். அரைமணி நேர வீடியோ 5.4 ஜிபி வரும். உங்கள் ஃபைபர் இணைப்பின் அப்லோட் வேகம் 10 மெகாபிட் என்றால் 72 நிமிடம். 1080-க்குக் குறைத்து நேரம் மிச்சம் பிடிக்கத் தோன்றும், வேண்டாம். 1440-இல் ஏற்றினால் யூடியூப் பொதுவாக மேலான கோடெக்கில் (வீடியோவைச் சுருக்கும் முறை) மாற்றித் தரும். சின்னப் பிக்ஸல் நிறைந்த படம் அதில்தான் பிசுபிசுக்காமல் இருக்கும்.

தமிழ்நாடும் இலங்கையும் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னே. அங்கே இரவு 8 மணி என்றால் இங்கே மாலை 4.30. உயர்தரப் பதிப்பு தயாராக, ஏற்றிய பிறகும் நேரம் பிடிக்கும். ஆகவே முந்தின இரவே பிரைவேட்டாக ஏற்றி, 4.30-க்கு ஷெட்யூல் செய்துவிடுங்கள்.